காற்றின் உராய்வை அளந்தவர்



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், அதுவும் படிக்கிற பிள்ளைகளுக்குப் பயன்படுகிற மாதிரி ஒரு பெரியவருடைய வாழ்க்கையாக இருந்தால் நல்லது என்று மலர்க் குழு நண்பர் போனில் கேட்டார். சதீஷ் தவானைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். கிரிக்கெட் ஆடுவாரே, அவரா என்று கேட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. சதீஷ் தவான் 2002 ஜனவரி 3 அன்று காலமானார். இன்று நம் கல்லூரி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிற பெரும்பாலானவர்கள் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள். ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது ராக்கெட் ஏவுகிற நாளில் டி.வி.யில் காதில் விழும். அதோடு சரி.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களுக்கும் அவரைப் பற்றி ஒரே ஒரு சம்பவம்தான் தெரியும். அப்துல் கலாம் அவர்கள் மேடைக்கு மேடை சொல்லி, அது நாடெங்கும் பரவிவிட்டது. நல்ல சம்பவம்தான், நானும் பிறகு அதற்கு வருகிறேன். ஆனால் ராக்கெட்டுக்கு வருவதற்கு முன்னால் தவான் இருபது வருஷத்துக்கு மேல் காற்றைப் படித்தவர். ஒரு பரப்பின் மேல் காற்று ஓடும்போது என்ன நடக்கிறது என்பதைத் தொட்டு அளந்தவர். அந்தத் தவானை யாருக்கும் தெரியவில்லை என்பது எனக்கு நீண்ட நாளைய மனக்குறை. ஏனென்றால் எனக்குச் சோறு போடுவது அந்தத் தவான்தான். நான் மெக்கானிக்கல் முடித்துவிட்டு, பஸ், லாரி பாடிகளைச் சுற்றிக் காற்று எப்படி ஓடுகிறது என்று பார்க்கிற வேலையில் இருக்கிறேன். ஊரில் சொந்தக்காரர்களிடம் இதைச் சொன்னால், காத்து ஓடுறதைப் பாக்கதுக்கா சம்பளம் என்று சிரிக்கிறார்கள்.

சிரிப்பவர்களை நான் வண்ணார்பேட்டை பேராச்சி அம்மன் கோயில் படித்துறைக்குக் கூட்டிக்கொண்டு போவது வழக்கம். தாமிரபரணியில் தண்ணீர் ஓரளவு ஓடுகிற நாளில், நடுவில் தலை நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு பாறையைப் பாருங்கள். பாறைக்கு முன்னால் தண்ணீர் சற்று மேலேறி நிற்கும். இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு போகும். பாறையின் பின்னால் ஒரு குழிவு இருக்கும். அங்கே தண்ணீர் திரும்பிப் பாறையை நோக்கியே வரும். அதில் ஒரு பூவோ சருகோ சிக்கினால் ஆற்றோடு போகாமல் அங்கேயே சுற்றிச் சுற்றிக் கிடக்கும். சுலோசன முதலியார் பாலத்துத் தூண்களுக்குப் பின்னாலும் இதே கதைதான். தண்ணீரை நிறுத்திவிட்டுப் பாறையை ஓட விட்டால் அதுதான் பஸ்.

பஸ்ஸின் முகத்தில் காற்று முட்டி அழுத்துகிறது. பின்பக்கம் பஸ் விட்டுச் செல்கிற இடத்தைக் காற்றால் ஒழுங்காக வந்து நிரப்ப முடியவில்லை; சுழன்று குழம்புகிறது, அங்கே அழுத்தம் குறைந்துவிடுகிறது. முன்னால் தள்ளு, பின்னால் உறிஞ்சு. இரண்டும் சேர்ந்துதான் காற்றின் இழுவை. கிராமத்துக்குப் போய்வருகிற பஸ்களின் பின் கண்ணாடியில் மட்டும் செம்மண் புழுதி அப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் திரும்புகிற காற்று கொண்டுவந்து ஒட்டியதுதான் அது. நாலுவழிச் சாலையில் பைக்கில் போகும்போது ஒரு கன்டெய்னர் லாரி கடந்தால் முதலில் வெளியே தள்ளி, பிறகு உள்ளே இழுக்கிறதே, அதுவும் இதன் தம்பிதான்.

கணக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாதாரண பஸ்ஸின் முகப்பரப்பு சுமார் ஏழரை சதுர மீட்டர். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காற்றைத் தள்ள ஏறத்தாழ 5 குதிரைத்திறன் போதும். டயர் உருளுகிற தடைதான் அப்போது பெரிசு. அதே பஸ் நாகர்கோவில் ரோட்டில் 80-ஐத் தொட்டால் 40 குதிரைத்திறன் காற்றுக்கே போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்கு, திறன் எட்டு மடங்கு. இதில் ஆனி, ஆடியில் காவல்கிணறு தாண்டியதும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எதிரே வரும். முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்றுதான். அது 36 கிலோமீட்டர் வேகத்தில் நேர் எதிராக வந்தால் பஸ் மேல் விழுகிற விசை இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். டிரைவர்களுக்கு இது கணக்கில்லாமலே தெரியும். அன்றைக்கு டீசல் கூடக் குடிக்கும்.

இதற்கெல்லாம் அடிப்படை போட்டவர் ஜெர்மனியின் லுட்விக் பிராண்டில். 1904-இல் ஹைடல்பர்க்கில் நடந்த கணித மாநாட்டில் சில பக்கங்களே உள்ள ஒரு கட்டுரை வாசித்தார். பொருளின் மேற்பரப்பை ஒட்டிய மிக மெல்லிய ஒரு படலத்தில்தான் காற்றின் பிசுபிசுப்பு வேலை செய்கிறது, பரப்பில் வேகம் பூஜ்யம், படலத்தின் மேல் விளிம்பில் முழு வேகம் என்றார். எல்லைப் படலம் என்று நாம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோமே, அதுதான். அந்தப் படலம் ஒட்டிக்கொண்டு ஓடுகிறதா, களைத்துப்போய்ப் பரப்பை விட்டுப் பிரிகிறதா என்பதைப் பொறுத்துத்தான் பாறைக்குப் பின்னால் குழிவு பெரிசாவதும் சிறிசாவதும். பிராண்டில் கையால் சக்கரம் சுற்றி ஓட்டுகிற ஒரு தண்ணீர்த் தொட்டியில் இதைக் கண்ணால் பார்த்தார். அவருடைய சீடர் டீட்யென்ஸ் பிற்பாடு பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தின் விமானவியல் துறைக்கு வந்து தலைமை வகித்தார். அதற்கு முன் அத்துறையில் இருந்த காட்கேயும் பிராண்டிலிடம் கோட்டிங்கனில் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். ஆக, தவான் வருவதற்கு முன்பே பெங்களூருக்கு அந்தக் காற்று வீசிவிட்டது.

சதீஷ் தவான் 1920 செப்டம்பர் 25 அன்று காஷ்மீரத்தின் ஸ்ரீநகரில் பிறந்தார். வளர்ந்ததும் படித்ததும் லாகூரில். அவர் வாங்கிய பட்டங்களின் வரிசை கொஞ்சம் வேடிக்கையானது. முதலில் கணிதமும் இயற்பியலும் சேர்ந்த பி.ஏ., அடுத்து ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ., அதற்குப் பிறகு 1945-இல் மெக்கானிக்கல் பொறியியல். ஷேக்ஸ்பியரைப் படித்துவிட்டு லேத்துக்கு வந்த மனிதர். இன்று எட்டாம் வகுப்பிலேயே பிள்ளை என்ன ஆகப்போகிறான் என்று முடிவு கட்டிவிடுகிற பெற்றோர்கள் இந்த வரிசையைக் கொஞ்சம் யோசிக்கலாம். படித்து முடித்ததும் சில காலம் பெங்களூரில் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் இருந்தார். பின்பு அமெரிக்கா போய், 1947-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்., அங்கிருந்து கலிபோர்னியாவின் கால்டெக். லாகூரில் படித்தவர் அமெரிக்காவில் இருந்தபோதே லாகூர் வேறு நாடாகிவிட்டது.

கால்டெக்கில் அவருடைய வழிகாட்டி ஹான்ஸ் லீப்மன். அங்கே தவான் எடுத்துக்கொண்ட வேலையைத்தான் நான் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். காற்று ஒரு பரப்பை உரசிக்கொண்டு போகும்போது அதை எவ்வளவு விசையோடு இழுக்கிறது? கேள்வி இவ்வளவுதான். அன்றைக்கும் இதற்கு விடைகள் இருந்தன. ஆனால் பெரும்பாலானவை சுற்றுவழி விடைகள். படலத்துக்குள் வேகம் எப்படி மாறுகிறது என்று அளந்து, அதிலிருந்து கணக்குப் போட்டு உராய்வை ஊகிப்பார்கள். ஒலியின் வேகத்தை நெருங்கும்போதும் தாண்டும்போதும் இந்த ஊகம் நம்பக்கூடியதாக இல்லை. கோட்பாட்டுக்காரர்கள் ஆளுக்கொரு சூத்திரம் வைத்திருந்தார்கள். அவற்றில் எது சரி என்று பஞ்சாயத்துப் பண்ண நேரடி அளவு தேவைப்பட்டது.

தவான் செய்தது கேட்கும்போது எளிது. காற்று ஓடுகிற பலகையில் ஒரு சின்னத் துண்டை வெட்டி எடுத்தார். அதே இடத்தில் அந்தத் துண்டை மெல்லிய வில்தகடுகளின் மேல், சுற்றிலும் மிக நுண்ணிய இடைவெளி விட்டு, மிதக்கிற மாதிரி உட்கார வைத்தார். காற்று உரசும்போது துண்டு மட்டும் இம்மியளவு நகரும். அந்த நகர்வை மின்சார முறையில் அளந்தால் உராய்வு விசை நேராகக் கையில் வந்துவிடும். கப்பல்காரர்கள் தண்ணீரில் பெரிய பலகைகளை வைத்து இந்த மாதிரிச் செய்திருந்தார்கள். காற்றில், அதுவும் அந்த வேகங்களில், அத்தனை சின்னத் துண்டில் செய்வதுதான் பாடு. துண்டு பலகை மட்டத்தை விட ஒரு முடியளவு தூக்கி நின்றாலும் போச்சு, தாழ்ந்தாலும் போச்சு. காற்று உரசுகிறதை விட்டுவிட்டு விளிம்பில் முட்ட ஆரம்பித்துவிடும். இடைவெளி வழியே காற்று கசியக்கூடாது. கட்டடத்தில் யாராவது கதவைச் சாத்தினால் வருகிற அதிர்வு அளவில் கலந்துவிடக்கூடாது. கோழி இறகைத் தராசில் வைத்து, பக்கத்தில் லாரி ஓட விடுகிற மாதிரி வேலை.

அதில் ஜெயித்தார். சீரான ஓட்டத்திலும் கொந்தளிப்பான ஓட்டத்திலும், ஒலியை விடக் குறைந்த வேகத்திலும் கூடிய வேகத்திலும் அளந்து காட்டினார். 1951-இல் முனைவர் பட்டம். அந்த ஆய்வு 1953-இல் நாசாவுக்கு முன்னோடியான நாக்கா அமைப்பின் 1121-ஆம் எண் அறிக்கையாக வெளிவந்தது. பரப்பு உராய்வை நேரடியாக அளப்பதைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றைக்கும் இந்த அறிக்கையில்தான் தொடங்குவார்கள்.

இதற்கும் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். உண்மையைச் சொன்னால், பஸ்ஸின் மேல் உராய்வு மட்டும் பார்த்தால் ரொம்பக் கம்மி. பக்கங்களும் கூரையும் சேர்ந்து 90 சதுர மீட்டர் வரும். அத்தனையையும் காற்று உரசுவதால் வருகிற விசை, 80 கிலோமீட்டர் வேகத்தில், மொத்தக் காற்றுத் தடையில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். மீதி எல்லாம் முன்னால் தள்ளும் பின்னால் உறிஞ்சும்தான். பயணிகள் விமானத்துக்கு இது நேர்மாறு, அங்கே ஏறக்குறைய பாதி உராய்வு. அதனால் பஸ்ஸுக்குப் பளபளவென்று பாலிஷ் போட்டால் மைலேஜ் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அந்த மெல்லிய படலம் எந்த இடத்தில் பரப்பை விட்டுப் பிரிகிறது என்பதுதான் மீதி எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. முன் மூலைகள் கூராக இருந்தால் படலம் அங்கேயே பிய்த்துக்கொண்டு போய்விடும். மூலையை உருட்டிவிட்டால் ஒட்டிக்கொண்டு பின்னால் வரை வரும். 1970-களில் பெட்ரோல் விலை ஏறியபோது நாசாவின் எட்வர்ட்ஸ் தளத்துப் பொறியாளர்கள் ஒரு வேனைச் சதுரப் பெட்டி மாதிரி தகடு அடித்து, அதன் மூலைகளைப் படிப்படியாக உருட்டி ஓட்டிப் பார்த்தார்கள். தடை பெருமளவு இறங்கியது. அந்த வேலைக்கு வித்திட்ட சால்ட்ஸ்மன், சைக்கிளில் போகும்போது லாரிகள் தன்னைத் தள்ளி இழுத்ததை வைத்துத்தான் யோசிக்கத் தொடங்கினாராம். நம்மையும்தான் தினம் தள்ளி இழுக்கிறது!

இன்னொரு நெருங்கிய சம்பந்தமும் உண்டு. கால்டெக்கில் லீப்மன், தவான், அனடோல் ரோஷ்கோ மூவரும் சேர்ந்து, அதிர்ச்சி அலை எல்லைப் படலத்தில் மோதும்போது என்ன ஆகிறது என்று ஆராய்ந்து எழுதினார்கள். அந்த ரோஷ்கோ பிற்காலத்தில் மொட்டையான பொருள்களைச் சுற்றிய ஓட்டத்தில் உலகம் மதிக்கிற நிபுணர் ஆனார். அவரும் கோனிக் என்ற மாணவரும் செய்த ஒரு சோதனை 1985-இல் வெளியானது. தட்டையான முகம் கொண்ட ஓர் உருளை. அதன் முன்னால் கொஞ்சம் இடைவெளி விட்டு அதைவிடச் சிறிய ஒரு வட்டத் தகடு. தகட்டின் அளவும் இடைவெளியும் சரியாக அமைந்தால், தகட்டின் விளிம்பில் பிரிகிற காற்று உருளையின் விளிம்பில் அலுங்காமல் வந்து இறங்குகிறது. இரண்டுக்கும் சேர்த்து வருகிற தடை, உருளைக்கு மட்டும் வந்த தடையை விட மிகமிகக் குறைவு. முன்னால் ஒரு தடையைச் சேர்த்தால் தடை குறைகிறது! தகடு என்பது லாரியின் கேபின், உருளை என்பது கன்டெய்னர் என்று வைத்துக்கொண்டு பாருங்கள். கேபின் கூரை மேல் சாய்வாக ஒரு மூடி வைத்த லாரிகள் ஓடுகின்றனவே, அது அழகுக்கு வைத்ததல்ல. களக்காட்டிலிருந்து கேபினுக்கு மேல் ஓர் ஆள் உயரம் வாழைத்தார் அடுக்கி, படுதா படபடக்கப் போகிற லாரியைப் பார்த்தால் எனக்கு இந்தச் சோதனைதான் ஞாபகம் வரும்.

தவான் 1951-இலேயே இந்தியா திரும்பிவிட்டார். அமெரிக்காவில் வேலைக்குப் பஞ்சமில்லாத நேரம் அது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்து, 1955-இல் விமானவியல் துறைத் தலைவரானார். அதிவேகக் காற்று ஆராய்ச்சிக்கு அங்கே அப்போது ஒன்றும் கிடையாது. உள்ளங்கை அகலமே உள்ள சிறிய சுரங்கங்களைக் கட்டி, ஒலியை மிஞ்சும் வேகத்தில் காற்றை ஓட விட்டு ஆராய்ச்சியை ஆரம்பித்தார்கள். அதே 1950-களில் குறைந்த வேகத்துக்கு 14 அடிக்கு 9 அடி வாய் கொண்ட பெரிய காற்றுச் சுரங்கமும் அங்கே எழுந்தது. டீட்யென்ஸ் காலத்தில் கரு உண்டாகி, தவான் காலத்தில் ஓடத் தொடங்கியது என்று சொல்லலாம். ஒரு பக்கம் வெளிக்காற்றை இழுத்து மறுபக்கம் வெளியே விடுகிற அமைப்பு. பின்னர் தேசிய விமானவியல் ஆய்வகத்தில் 1967-இல் ஓடத் தொடங்கிய 1.2 மீட்டர் அதிவேகச் சுரங்கத்துக்கும் தவானுடைய யோசனையும் உழைப்பும் பின்னால் இருந்தன. நம் நாட்டு விமானங்களும் ராக்கெட்டுகளும் மாதிரி வடிவில் முதலில் பறந்தது இந்தச் சுரங்கங்களில்தான்.

அந்தத் துறையில் அவரிடம் வந்து சேர்ந்த மாணவர்களில் ஒருவர் ரோத்தம் நரசிம்மா. ஊதுபத்திப் புகை கொஞ்ச தூரம் நூல் பிடித்த மாதிரி ஏறி, பிறகு கலைகிறதல்லவா? எல்லைப் படலத்திலும் அப்படி ஒரு மாற்றம் உண்டு. ஆனால் கோடு கிழித்த மாதிரி ஓர் இடத்தில் மாறிவிடாது. ஒரே இடத்தில் ஒரு கணம் அமைதி, அடுத்த கணம் கொந்தளிப்புத் திட்டு ஒன்று கடந்து போகும், மறுபடி அமைதி. எத்தனை பங்கு நேரம் கொந்தளிப்பு என்பதை வைத்து அந்த இடைவெளிப் பகுதியையே கணக்கிடலாம் என்று தவானும் நரசிம்மாவும் எழுதிய கட்டுரை 1958-இல் இங்கிலாந்தின் முதன்மையான திரவ இயக்கவியல் ஏட்டில் வந்தது. முழுக்க முழுக்க பெங்களூரில் அளந்த அளவுகளும் அதில் உண்டு. பெரிய ஆய்வகம் இருந்தால்தான் பெரிய ஆய்வு என்று நினைக்கிறவர்கள் இதைத் தேடிப் படிக்கலாம். நரசிம்மா பிறகு கால்டெக்கில் அதே லீப்மனிடமே போய் முனைவர் பட்டம் வாங்கித் திரும்பினார்.

இங்கே என் வேலையிலிருந்து ஒரு விஷயம். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் காற்றோட்டத்தைக் கணக்கிட்டு, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வண்ணப்படமாக எடுத்துவிடுகிறோம். பார்க்க அருமையாக இருக்கும். வாடிக்கையாளர் மயங்கிவிடுவார். ஒரு முறை அப்படி வடிவமைத்த பஸ், ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோது படம் சொன்ன டீசல் மிச்சத்தில் பாதிகூடத் தரவில்லை. பஸ்ஸின் மேலும் பின்னாலும் விரல் நீளத்தில் கம்பளி நூல்களை வரிசையாக ஒட்டி, பக்கத்து வண்டியிலிருந்து வீடியோ எடுத்தோம். காற்று ஒட்டி ஓடுகிற இடத்தில் நூல் படிந்து பின்னோக்கிக் கிடக்கும். பிரிந்த இடத்தில் தலைவிரித்து ஆடும். படம் எடுத்த பிறகு பாடி கட்டுகிறவர்கள் கூரையில் ஏற்றியிருந்த ஏ.சி. பெட்டிக்குப் பின்னால் அத்தனை நூலும் பேயாட்டம். நூல் செலவு இருபது ரூபாய் இருக்கும். தவான் வெட்டி மிதக்க விட்ட அந்தச் சின்னத் துண்டு எனக்கு அன்றைக்கு ஞாபகம் வந்தது.

1962-இல் தவான் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர் ஆனார். அப்போது வயது 42. 1981 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். கிராமங்களுக்கான தொழில்நுட்பத்தைத் தேடுகிற அஸ்த்ரா பிரிவு 1974-இல் அங்கே தொடங்கியது அவர் காலத்தில்தான். பிற்பாடு மேற்குத் தொடர்ச்சி மலை அறிக்கையால் நம் பக்கத்திலும் பேசப்பட்ட மாதவ் காட்கில் அங்கே வந்து சேர்ந்ததும் அவர் காலத்தில்தான். விமானத்துக்காரர் சூழலியலுக்கும் இடம் கொடுத்தார்.

1971 டிசம்பர் 30 அன்று திருவனந்தபுரத்தை அடுத்த கோவளத்தில் விக்ரம் சாராபாய் திடீரென்று காலமானார். தவான் அப்போது கால்டெக்கில் ஓராண்டு விடுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். விண்வெளித் திட்டத்தை ஏற்கச் சொல்லி பிரதமர் இந்திரா காந்தியிடமிருந்து அழைப்பு வந்தது. மற்றவர்களாயிருந்தால் அடுத்த விமானம் பிடித்திருப்பார்கள். இவர் எடுத்த வேலையை முடித்துவிட்டு வருகிறேன், அறிவியல் கழகத்தின் இயக்குநர் பதவியை விடமாட்டேன், தலைமையகம் பெங்களூரில் இருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் வைத்தார். எல்லாம் ஏற்கப்பட்டன. இடைக்காலத்தில் எம்.ஜி.கே. மேனன் பார்த்துக்கொள்ள, 1972 செப்டம்பரில் தவான் பொறுப்பேற்றார். ஆர்யபட்டா, பாஸ்கரா, எஸ்.எல்.வி.-3, எல்லாம் அவர் தலைமையில் வந்தவை. 1984-இல் யு.ஆர்.ராவிடம் ஒப்படைத்துவிட்டு விலகினார். நம் மாவட்டத்து மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களை ஓடவிட்டுச் சோதிக்கிறார்களே, அந்த நிறுவனத்தை இன்றைய அமைப்புக்குக் கொண்டுவந்தது அவருடைய இந்தப் பன்னிரண்டு வருஷங்கள்தான்.

எல்லோருக்கும் தெரிந்த சம்பவத்துக்கு வந்துவிட்டேன். 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3 கிளம்பி 317 விநாடிகளில் வங்காள விரிகுடாவில் விழுந்தது. திட்ட இயக்குநர் கலாம். பத்திரிகைக்காரர்கள் முன் தவானே உட்கார்ந்து பழியை ஏற்றார். 1980 ஜூலை 18 அன்று ராக்கெட் வெற்றி பெற்றபோது பத்திரிகைக்காரர்களைச் சந்திக்கக் கலாமை அனுப்பினார். தலைமைப் பண்பு வகுப்புகளில் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். பொறியாளனாகிய எனக்கு அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் இருக்கிற பதினோரு மாதம்தான் முக்கியமாகப் படுகிறது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு சரியாக மூடாமல் நைட்ரிக் அமிலம் கசிந்துபோனது என்பதை அளவுகளிலிருந்து தேடிக் கண்டுபிடித்தார்கள். விழுந்ததற்கு யார் காரணம் என்று தேடாமல் எது காரணம் என்று தேட அவகாசம் கிடைத்ததே, அந்த அவகாசத்தைத்தான் தவான் அன்றைய பத்திரிகையாளர் கூட்டத்தில் சம்பாதித்துக் கொடுத்தார் என்று எனக்குத் தோன்றும்.

பதவிகளை விட்ட பிறகும் அவர் காற்றை விடவில்லை. ஸ்ரீஹரிகோட்டாவை ஒட்டிய பழவேற்காடு ஏரியில் பறவைகளைப் பார்ப்பதில் அவருக்குப் பெரிய ஈடுபாடு. எப்படிப் பறக்கின்றன, இறக்கை எப்படித் தூக்குவிசை தருகிறது, கூட்டமாகப் பறக்கும்போது யாருக்கு என்ன லாபம் என்பதையெல்லாம் விமானப் பொறியாளரின் கண்ணோடு பார்த்து, பறவைகளின் பறப்பைப் பற்றி ஆங்கிலத்தில் நீண்ட ஆய்வு ஒன்று எழுதினார். அது 1991-இல் இந்திய அறிவியல் அகாதமியின் ஏட்டில் வந்தது. எழுபது வயதில் எழுதியது. ராக்கெட் விட்டவர் கடைசியில் கொக்குக்கும் நாரைக்கும் வந்து சேர்ந்தார்.

பழவேற்காடு வரை நாம் போக வேண்டியதில்லை. நாங்குநேரி பக்கம் கூந்தன்குளம் இருக்கிறது. தை, மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பிப் போங்க. கூழைக்கடாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரிசை பிடித்து வரும். குளத்தில் இறங்குகிற நேரத்தில் வேகத்தைக் குறைத்து இறக்கையைச் செங்குத்தாக நிமிர்த்தும் பாருங்கள், அந்த நொடியில் இறக்கையின் மேல்பக்கத்தைக் கவனியுங்கள். கண்ணுக்குச் சிக்காவிட்டால் போனில் ஸ்லோ மோஷனில் எடுங்கள். பெரிய பறவைகளுக்கு அங்கே சின்னச் சின்ன இறகுகள் சட்டென்று நிமிர்ந்து ஆடும். காற்று அந்த இடத்தில் ஒட்டாமல் பிரிந்து, பின்னாலிருந்து முன்னால் திரும்பி ஓடுகிறது என்று அர்த்தம். நாங்கள் பஸ்ஸில் ஒட்டிய கம்பளி நூல் ஆடியதும் இதே காரணத்தால்தான்.